40 நாள்னு போடுறீங்க, எடையையும் போடுங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

நிலா பயணம் பத்தி உங்க பேப்பர்ல எப்ப செய்தி வந்தாலும் அப்போலோ 3 நாள்ல போச்சு, சந்திரயான்-3க்கு 40 நாள் ஆச்சுன்னு ஒரு வரி வந்துடுது, படிக்கிறவங்களும் ஏதோ இஸ்ரோ ராக்கெட் தள்ளாடிட்டே போன மாதிரி நினைச்சுக்கறாங்க.

வேகம் மட்டும் போதும்னா, 2006ல கிளம்புன நியூ ஹொரைசன்ஸ் சுமார் 9 மணி நேரத்துல நிலா சுத்துற தூரத்தைத் தாண்டிடுச்சு. ஆனா அது புளூட்டோவுக்குப் போற வண்டி, நிலாவுல அதுக்கு ஸ்டாப்பிங்கே கிடையாது. நிக்கணும்னா எவ்ளோ வேகமா வர்றோமோ அவ்ளோ பிரேக் போடணும், அங்க காத்து இல்ல, பாராசூட் உதவாது, இன்ஜினை எதிர்ப்பக்கமா எரிச்சுத்தான் ஆகணும். 1969ல அப்போலோ 11 நிலாவோட சுற்றுப்பாதையைப் பிடிக்க மட்டும் கிட்டத்தட்ட 6 நிமிஷம் எரிச்சாங்க. அந்த எரிபொருளை பூமியிலேர்ந்தே தூக்கிட்டுப் போகணும், அதைத் தூக்க இன்னும் எரிபொருள், அதுக்கு இன்னும் பெரிய டேங்க்னு ஏறிட்டே போய்த்தான் அப்போலோவைத் தூக்குன சாட்டர்ன் 5 ராக்கெட் 2,900 டன்னுக்குக் கிட்ட போச்சு. சந்திரயான்-3யைத் தூக்குன இஸ்ரோவோட எல்விஎம்3 ராக்கெட் 640 டன்தான். (அப்போலோ உள்ள இருந்த 3 பேர் மூச்சு விடணும், சாப்பிடணும், அவங்க அவசரம் நியாயம்தான்.)

சந்திரயான்-3யை ராக்கெட் 36,500 கிமீ வரைக்கும் போய்த் திரும்புற நீள்வட்டத்துல விட்டுட்டு ஒதுங்கிடுச்சு. மீதி வேலை சின்ன இன்ஜினோடது. பூமிக்குக் கிட்ட வரும்போதுதான் வேகம் உச்சத்துல இருக்கும், அங்க எரிக்கிற எரிபொருளுக்குத்தான் முழுப் பலன், சின்ன இன்ஜினை ஒரே மூச்சுல எரிச்சா முடிக்கிறதுக்குள்ள அந்த இடத்தை விட்டு ரொம்ப தூரம் போயிடும். அதனாலதான் ஒவ்வொரு தடவையும் கிட்ட வர்ற வரைக்கும் காத்திருந்து கொஞ்சம் கொஞ்சமா எரிச்சாங்க. 2023 ஜூலை 14 கிளம்பி ஆகஸ்ட் 1 வரைக்கும் பூமியைத்தான் சுத்துச்சு, அங்கேர்ந்து 5ஆம் தேதியே நிலாகிட்ட போயாச்சு, 23ஆம் தேதி இறங்குற வரைக்கும் மீதி நாளெல்லாம் நிலாவைச் சுத்துனதுதான்.

தென் கொரியாவோட தனுரி விண்கலம் இன்னும் பொறுமை, 2022 ஆகஸ்ட்ல கிளம்பி சூரியன் பக்கமா 15 லட்சம் கிமீ போய், அதோட ஈர்ப்பையும் உதவிக்கு வச்சுக்கிட்டு டிசம்பர்லதான் நிலாவுக்கு வந்துச்சு. வந்தப்ப வேகம் கம்மி, பிரேக்குக்கு எரிபொருளும் கம்மி.

ரஷ்யாவோட லூனா-25 விண்கலம் வேகமாப் போச்சேன்னு கேக்கறவங்களுக்கு, அது 1,750 கிலோ, சந்திரயான்-3 3,900 கிலோ, எடை கம்மின்னா வேகமா அனுப்புறது சுலபம். அடுத்த தடவை டேபிள் போடும்போது நாளுக்குப் பக்கத்துல எடைக்கும் ஒரு கட்டம் சேர்த்துடுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்