பாங் கூடாரக் கடை அக்காவுக்கு நன்றி

மணாலியிலிருந்து லே வரை சைக்கிளில் போன நண்பர்களைப் பற்றிய ஆவணப்படத்தின் எடிட்டிங் ஒருவழியாக முடிந்தது. நன்றி அட்டையில் முதலில் வரவேண்டியவரின் பெயர் எங்களுக்குத் தெரியாது, அதனால்தான் இந்தப் பதிவு.

காட்டா லூப்ஸின் 21 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, 5,000 மீட்டருக்கு மேலே இருக்கும் லாச்சுலுங் லா கணவாயையும் தாண்டி, பாங் என்ற இடத்தில் இறங்கியபோது குளிரில் கேமரா பேட்டரிகள் எல்லாம் படுத்துவிட்டன. அங்கே கூடாரக் கடை நடத்தும் அக்கா தன் சோலார் விளக்கை அணைத்துவிட்டு அந்த இணைப்பை எங்களுக்குக் கொடுத்தார். அதோடு விடவில்லை, சார்ஜ் ஏறிய பேட்டரிகளைக் கம்பளியில் சுற்றி இரவு முழுக்கத் தன் படுக்கைக்குள்ளேயே வைத்திருந்து, விடிந்ததும் கதகதப்பாக எடுத்துத் தந்தார். காசு நீட்டினால் தேநீருக்கு மட்டும்தான் வாங்கிக்கொண்டார். எவ்வளவு பெரிய மனசு!

மோரே சமவெளியின் எதிர்க்காற்று, அப்புறம் தங்லாங் லா உச்சியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நண்பர்கள் இருவரும் கட்டிப்பிடித்து அழுதது, எல்லாம் அந்த பேட்டரிகளில் எடுத்ததுதான். அது இல்லையென்றால் படமே இல்லை.

அக்கா, பனி விலகிச் சாலை திறந்ததும் படத்தோடு வருகிறோம். எங்களுக்கு முன்பே அந்தப் பக்கம் போகிறவர்கள் அவரிடம் கொஞ்சம் சொல்லிவிடுங்கள்.