தனியாளாகத் தீர்க்க முடியாத கூடை

அன்புள்ள கண்ணாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். "ஒருத்தனுக்காக என்னத்தைச் சமைப்பது?" என்று நீ கேட்டது மனதை அறுத்துக்கொண்டே இருக்கிறது.

பட்டியல் எழுதிக்கொண்டு சந்தைக்குப் போகாதே. எது குவிந்து மலிந்து கிடக்கிறதோ அதை வாங்கு. சமையலைப் பிறகு யோசி. எல்லாம் எப்போதும் கிடைக்கிறது என்பாய். ஆனால் பறித்த பிறகும் காய்க்கு உயிர் இருக்கிறது. அது மூச்சு விடுகிறது, தன்னிடமுள்ள சர்க்கரையைச் செலவழிக்கிறது. பச்சைப் பட்டாணியிலும் இனிப்புச் சோளத்திலும் அந்தச் சர்க்கரை மாவுச்சத்தாகவும் மாறிவிடும். பழைய சோள ரகமென்றால், 30 டிகிரி வெப்பத்தில் ஒரே நாளில் பாதிக்கு மேல் இனிப்பு போய்விடும். அன்று பறித்ததன் ருசிக்குக் காரணம் இதுதான். உறைய வைத்த பட்டாணியை நான் குறை சொல்ல மாட்டேன். பறித்த சில மணி நேரத்தில் உறைய வைப்பதால் அதில் இனிப்பு தங்கியிருக்கும்.

தக்காளியைக் குளிர்பெட்டியில் அடைக்காதே, மணம் போய்விடும். வாழைப்பழம் வீட்டில் இருந்தபடியே பழுக்கும். திராட்சையும் ஆரஞ்சும் அப்படியல்ல. புளிப்பாக வாங்கினால் எத்தனை நாள் வைத்தாலும் புளிப்புதான். அவற்றுக்குப் பருவம் வரும்வரை பொறுத்திரு.

நான் சொல்ல வந்தது வேறு. ஒருவர் வயிற்றை அளந்து எந்த மரமும் காய்ப்பதில்லை. பழுத்த பழம் வெளியிடும் எத்திலீன் வாயு, பக்கத்தில் பழுக்கக் காத்திருப்பதையும் பழுக்கவைக்கும். ஒன்று கனிந்தால் இரண்டொரு நாளில் கூடையே கனிந்துவிடும். அதை நீ ஒருவனே தின்று தீர்க்க முடியாது. அப்போது நண்பர்களைக் கூப்பிடு. அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்து, யாரோடும் பேசாமல் இருக்கிறவன் ஒருவன் இருப்பான், அவனையும் கூப்பிடு.

விருந்து என்று மலைக்காதே. ஒரே ஒரு காய் போதும். தட்டு போதாவிட்டால் கிண்ணத்தில் கொடு. வந்தவர்கள் கையில் பட்டாணியைக் கொடுத்து உரிக்கச் சொல். கை வேலையில் இருக்கும்போது, நேராகக் கேட்டால் சொல்லாததையெல்லாம் மனிதர்கள் சொல்வார்கள். யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, யாருக்கு வேலை போகப்போகிறது என்பதெல்லாம் எனக்கு இப்படித்தான் தெரியவந்தது.

2025ஆம் ஆண்டின் உலக மகிழ்ச்சி அறிக்கையில் சேர்ந்து உண்பதைப் பற்றியே ஓர் அத்தியாயம் இருக்கிறது. பிறரோடு அடிக்கடி உண்பவர்கள் வாழ்க்கையில் கூடுதல் நிறைவு காண்கிறார்களாம். கூடி உண்பதால் மகிழ்ச்சியா, மகிழ்ச்சியாக இருப்பவர்கள்தான் கூடி உண்கிறார்களா என்று ஆராய்ச்சியாளர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நீ தனியாகச் சாப்பிடும் நாட்களில் உன் குரல் எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை யாரை அழைத்தாய், சந்தையில் என்ன கிடைத்தது என்று எழுது. அடுத்த மாதம் நானும் அப்பாவும் வருகிறோம். உன் நண்பர்களை வரச் சொல்லிவை. அன்றைக்குச் சமையல் என்னுடையது.

அன்புடன்,
அம்மா