அந்த மணல் மூட்டைகள் எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். டெல்டாவில் ஒரு பழைய எண்ணெய்க் கிணற்றுக்கு மறுபடியும் ரிக் (கிணற்றில் குழாய்களை இறக்கி ஏற்றும் கோபுர இயந்திரம்) வந்திருப்பது பற்றி உங்கள் நாளிதழில் படித்தேன். மணல் மூட்டைகள் இறங்கியதைப் பார்த்து, பாறையைப் பிளக்கப் போகிறார்கள் என்று ஊரே கலங்கி நிற்பதாக எழுதியிருந்தீர்கள்.

நான் அசாமில், சிவசாகர் பக்கமுள்ள லக்வா எண்ணெய் வயலில் 22 ஆண்டுகள், பழைய கிணறுகளைப் பழுதுபார்க்கும் ஒர்க்ஓவர் ரிக்கில் வேலை பார்த்தவன். அங்கு எண்ணெய் இருக்கும் திப்பம் என்ற மணற்பாறை சரியாக இறுகாதது. எண்ணெயோடு மணலும் ஏறி வரும். வேகமாக வரும் மணல் எண்ணெய் வரத்தைக் கட்டுப்படுத்தும் சோக் வால்வின் இரும்பையே அரித்துவிடும். மேலே வராத மணல் அடியில் படிந்து, எண்ணெய் வரும் துளைகளை மூடிவிடும். அதை அள்ள பெய்லர் என்ற நீள வாளிக் குழாயை இறக்குவோம். பெரிய அடைப்பென்றால், உருளையில் சுற்றிய நீள இரும்புக் குழாயை விட்டு நீரோ நைட்ரஜன் நுரையோ செலுத்திக் கழுவுவோம். நடுவில் பம்ப் நின்றால் போச்சு. கிளம்பிய மணலெல்லாம் திரும்ப விழுந்து குழாயையே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அப்படிச் சிக்கிய ஒன்றை மீட்க நாங்கள் ஒன்பது நாள் பாடுபட்டிருக்கிறோம்.

கழுவியது மட்டும் போதாது, மணல் மறுபடி வரும். அதனால் கம்பி சுற்றிய சல்லடைக் குழாயை இறக்கி, அதைச் சுற்றிலும் சலித்தெடுத்த பருமணலை நிரப்புவோம். இதற்குப் பெயர் கிராவல் பேக். நிரப்பும் மணல், பாறை மணலைப்போல ஐந்தாறு மடங்கு பருமனாக இருக்க வேண்டும். அதைவிடப் பெரிதானால் பாறை மணல் நழுவி உள்ளே வந்துவிடும். சிறிதானால் எண்ணெய் வரத்துக் குறையும். லாரியில் வந்த மூட்டைகள் இந்த வேலைக்காகவும் இருக்கலாம்.

பாறையைப் பிளக்கும் முறையிலும் மணல் உண்டு. அங்கே பாறை விரிசல் விடும் அளவுக்கு அழுத்தம் கொடுத்து, விரிசல் மூடாதிருக்க மணலைத் திணிப்பார்கள். இரண்டையும் ஒரே மூச்சில் செய்யும் முறையும் இருக்கிறது. ஆகவே மூட்டையை மட்டும் பார்த்து இது இன்ன வேலை என்று என்னாலேயே சொல்ல முடியாது. 2017இல் கதிராமங்கலத்தில் குழாய் உடைந்து வயலில் எண்ணெய் பரவியதைப் பார்த்த மக்கள் சந்தேகப்படுவதில் என்ன தவறு?

நாங்கள் வேலை செய்த இடங்களில் ஊர்க்காரர்கள் வந்து கேட்டால், "மெயின்டனன்ஸ்" என்று ஒரே சொல்லில் அனுப்பிவிடுவோம். நானும் அப்படித்தான் சொன்னேன். இன்று அதற்காக வருந்துகிறேன்.

தமிழக அரசின் 2020ஆம் ஆண்டுப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் புதிய கிணறுகளைத்தான் தடுக்கிறது, ஏற்கெனவே நடப்பவற்றை நிறுத்தவில்லை. பழைய கிணறு இருக்கும்வரை ரிக் வரத்தான் செய்யும். ஒவ்வொரு முறையும் கிணற்று வாசலில் தமிழில் ஒரு பலகை வைக்க மாவட்ட ஆட்சியர்கள் உத்தரவிட வேண்டும். என்ன வேலை, எத்தனை நாள், எவ்வளவு மணல், என்ன ரசாயனம், பாறை பிளக்கும் அழுத்தத்தைத் தாண்டுவார்களா மாட்டார்களா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். கிணற்றிலிருந்து வெளியே எடுக்கும் மணலில் எண்ணெய் ஊறியிருக்கும். எண்ணெய் கலந்த கசடை மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு கழிவு மேலாண்மை விதிகள் அபாயகரக் கழிவு என்றே பட்டியலிட்டுள்ளன. அந்த மணலை ஏற்றிய லாரி எங்கே போகிறது என்பதையும் அதே பலகையில் எழுதட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரிக் தொழிலாளி,
குத்தாலம்.