ஆண்டறிக்கை: எவன்ஸ்டனில் நடந்த முதல் இறுதி ஆட்டமும் நம் மன்றமும்

தலைவர் அவர்களே, பெற்றோர்களே, பயிற்சியாளர்களே, பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

சிகாகோ புறநகர்த் தமிழ்ப் பிள்ளைகளுக்காக நாம் நடத்தும் கூடைப்பந்து மன்றத்தின் ஆண்டறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வாராந்திரப் பயிற்சி குளிர்காலம் முழுக்க ஒழுங்காக நடந்தது. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். அதனால் இந்த ஆண்டு நாம் புதிதாக எடுத்துக்கொண்ட ஒரு வேலையைப் பற்றியே அதிகம் சொல்கிறேன். 1939-ல் நடந்த முதல் என்.சி.ஏ.ஏ. (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கம்) ஆண்கள் கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டியைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தோம்.

மார்ச் மாதம் வந்தால் அந்தப் போட்டியில் ஆடும் 68 அணிகளின் பெயரும் நம் வீடுகளில் புழங்குகின்றன. ஆனால் முதல் இறுதி ஆட்டம் நமக்குப் பக்கத்து எவன்ஸ்டனில் நடந்தது என்பது பெற்றோர் பலருக்கே புதுச் செய்தியாக இருந்தது.

1938-ல் நியூயார்க் விளையாட்டு எழுத்தாளர்கள் மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் என்.ஐ.டி. என்ற அழைப்புப் போட்டியைத் தொடங்கினார்கள். கல்லூரிகளே நடத்தும் ஒரு தேசியப் போட்டி வேண்டும் என்று ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் ஹரால்ட் ஓல்சன் விடாமல் வாதாடினார். அடுத்த ஆண்டே கூடைப்பந்துப் பயிற்சியாளர் சங்கம் பொறுப்பேற்று அதை நடத்தியது. மொத்தம் எட்டே அணிகள். கிழக்குப் பிரிவு பிலடெல்பியாவின் பலெஸ்ட்ரா அரங்கிலும், மேற்குப் பிரிவு சான்பிரான்சிஸ்கோவிலும் நடந்தன. கிழக்கில் ஓல்சனின் சொந்த அணியே வென்றது. மேற்கில் டெக்சாஸையும் ஓக்லஹோமாவையும் வீழ்த்திய ஓரிகன், ரயிலேறி எவன்ஸ்டன் வந்து சேர்ந்தது.

மார்ச் 27, பேட்டன் உடற்பயிற்சிக் கூடம். ஓரிகன் 46, ஓஹையோ ஸ்டேட் 33. பார்வையாளர் சுமார் 5,500 பேர்.

ஹோவர்ட் ஹாப்சன் பயிற்றுவித்த அந்த ஓரிகன் அணிக்கு ‘உயர்ந்த ஃபிர் மரங்கள்’ என்று பட்டப்பெயர். நடுவில் ஆடிய ஸ்லிம் விண்டர்மூட் ஆறடி எட்டங்குலம். லாடி கேல், ஜான் டிக் இருவரும் ஆறடி நான்கங்குலத்துக்குக் குறையாதவர்கள். ஆனாலும் உயரம் மட்டும் கோப்பையை வாங்கித் தந்துவிடவில்லை என்பதே என் எண்ணம். பந்தை வேகமாக முன்னே கொண்டுபோனவர்கள் பாபி அனெட்டும் வாலி ஜோஹான்சனும். இருவரும் கொலம்பியா ஆற்று முகத்துவாரத்திலுள்ள அஸ்டோரியா ஊர்க்காரர்கள்.

இதை விளக்க நம் பயிற்சியாளர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். 1937 வரை ஒவ்வொரு கூடைக்குப் பிறகும் பந்தை நடுவில் தூக்கிப் போட்டுத்தான் ஆட்டத்தைத் தொடர வேண்டும். ஒரு சனிக்கிழமை பிள்ளைகளை முதலில் அந்தப் பழைய விதிப்படியும், அப்புறம் 1939 விதிப்படியும் ஆடவைத்தார்கள். மூன்று புள்ளிக் கோடு கிடையாது, இத்தனை நொடிக்குள் பந்தைக் கூடைக்கு எறிய வேண்டும் என்ற கடிகாரமும் கிடையாது. நடுவில் பந்தைத் தூக்கிப் போடும் விதி போனதும் ஆட்டம் எவ்வளவு விரைவுபட்டிருக்கும் என்று பிள்ளைகள் மூச்சுவாங்கித் தெரிந்துகொண்டார்கள். உயரம் குறைந்த பிள்ளைகளின் முகத்தில் அன்று தெரிந்த உற்சாகத்துக்காகவே இந்த முயற்சி தகும்.

கோப்பை உடைந்த கதை அவர்களுக்கு மிகவும் பிடித்தது. பந்தைத் துரத்திய அனெட் ஓரத்து மேசைமேல் போய் மோத, கோப்பையின் உச்சியிலிருந்த உருவம் முறிந்துவிட்டது. சிறந்த ஆட்டக்காரர் பட்டம் தோற்ற அணியின் ஜிம்மி ஹல்லுக்குப் போனதைப் பற்றிப் பெரிய வாக்குவாதமே நடந்தது.

இன்னொரு கேள்வியும் எழுந்தது. அதே மார்ச்சில் நம் சிகாகோவின் லயோலா, என்.ஐ.டி. இறுதியில் லாங் ஐலண்ட் பல்கலைக்கழகத்திடம் 44–32 என்று தோற்றது. அதுவரை இரண்டுமே தோல்வி காணாத அணிகள். அப்படியானால் அந்த ஆண்டின் உண்மையான முதல் அணி எது? ஓரிகனும் லாங் ஐலண்டும் மோதாததால் இதற்குத் தீர்ப்பில்லை என்றே பிள்ளைகளிடம் சொன்னோம்.

சங்கம் நடத்துகிற நமக்கு ஒரு விவரம் முக்கியம். அந்த முதல் போட்டியில் பயிற்சியாளர் சங்கத்துக்கு 2,531 டாலர் நட்டம். தாங்க முடியாமல் போட்டியை என்.சி.ஏ.ஏ.விடம் ஒப்படைத்தார்கள். நட்டக் கணக்கைப் பார்த்து அதோடு நிறுத்தியிருந்தால் நியாயம் என்றுதான் எல்லோரும் சொல்லியிருப்பார்கள். அவர்களோ வேறு கை மாற்றியாவது போட்டியை உயிரோடு வைத்தார்கள். ஓல்சன் மீது எனக்குள்ள மரியாதை இதனால் கூடியது.

எவன்ஸ்டனுக்குப் போக விரும்பும் பெற்றோர்கள் கவனிக்க: இன்றுள்ள பேட்டன் கூடம் அந்த ஆட்டம் நடந்த இடமல்ல. பழைய கட்டடத்தை 1940-ல் இடித்துவிட்டார்கள். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்பக் கட்டடம்தான் அங்கே நிற்கிறது.

வரும் குளிர்காலத்துக்கு 1963-ஐ எடுத்துக்கொள்ளலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. அந்த ஆண்டு கூடுதல் நேரத்தில் சின்சினாட்டியை 60–58 என வென்று பட்டம் பெற்றது இதே லயோலா. தொடக்க ஐவரில் நால்வர் கறுப்பின வீரர்கள். அந்தக் காலத்தின் நிறவெறியைப் பற்றியும் பிள்ளைகளிடம் பேச வேண்டியிருக்கும் என்பதால், பெற்றோர் கருத்தைக் கேட்டுப் பொதுக்குழு முடிவெடுக்கக் கோருகிறேன்.

கூடத்தைத் திறந்து மூடிய தன்னார்வலர்களுக்கும், பிள்ளைகளைப் பனியில் வண்டியோட்டி அழைத்துவந்த பெற்றோருக்கும் மன்றத்தின் நன்றி. அறிக்கையை ஏற்றுத் தருமாறு வேண்டுகிறேன்.

செயலாளர்