மூட்டையைக் கட்டிய பிறகு சாட்சியைக் கூப்பிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கஞ்சா வழக்கில் தண்டனை பெற்றவர் மேல்முறையீட்டில் விடுதலை என்று செய்தி வந்தாலே, "சட்டத்தில் அவ்வளவு ஓட்டை" என்று திட்டுகிறோம். ஒரு வழக்கில் சாட்சிக் கூண்டு ஏறும் வரை நானும் அப்படித்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஓர் இரவு வாகனத் தணிக்கையில் என் வண்டியை நிறுத்தினார்கள். லைசென்ஸ், ஆர்.சி. எல்லாம் சரியாக இருந்தது. அப்புறம் ஓரமாகக் கூட்டிப்போய் ஒரு மகஜரில் (பறிமுதல் விவரத்தை எழுதிச் சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கும் பத்திரம்) கையெழுத்துப் போடச் சொன்னார்கள். பக்கத்தில் ஒரு சரக்கு வேன். அதன் டிரைவர் தரையில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். கஞ்சா என்று சொன்ன மூட்டையை ஏற்கெனவே தைத்து, அரக்கு முத்திரையும் வைத்துவிட்டார்கள். அரக்கு இன்னும் காயவில்லை. பயத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

மூன்று வருடம் கழித்துக் கோர்ட்டில், "மூட்டையைத் திறந்ததைப் பார்த்தீர்களா?" என்று வக்கீல் கேட்டார். இல்லை என்றேன். டிரைவருக்குத் தண்டனை கிடைத்தது. உயர் நீதிமன்றத்தில் அது நிற்கவில்லை. அதுவரை அவர் உள்ளேதான் இருந்தார். வணிக அளவு, அதாவது கஞ்சா என்றால் 20 கிலோவுக்கு மேல் என்று வழக்குப் போட்டுவிட்டால், போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 37-வது பிரிவின்படி ஜாமீன் குதிரைக் கொம்பு. அவர் கடத்தினாரா இல்லையா என்பது கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை.

ஆளின் உடம்பைச் சோதிக்கும் முன், மாஜிஸ்திரேட் அல்லது கெசட்டட் அதிகாரி முன்னிலையில் சோதனை கேட்க அவருக்கு உரிமை உண்டு என்று சொல்லியே ஆக வேண்டும் என 2010-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. (கையில் இருக்கும் பைகளுக்கும் வண்டிக்கும் இது பொருந்தாது.) 2021-ல் ஹரியானா பூட்டா சிங் வழக்கில், ஜீப் பொது ரோட்டில் நின்றாலும் அது தனியார் வண்டிதான், பொது இடச் சோதனைக்கான விதிவிலக்கு அதற்குக் கிடையாது என்றது அதே நீதிமன்றம். கிடைத்த தகவலை எழுதிவைத்து மேலதிகாரிக்கு அனுப்பச் சொல்லும், அதே சட்டத்தின் 42-வது பிரிவைப் பின்பற்றாததால், கீழே இரண்டு கோர்ட்டிலும் உறுதியான தண்டனை ரத்தானது. இதையெல்லாம் ஓட்டை என்று சொல்ல எனக்கு இப்போது வாய் வரவில்லை. ரோட்டோரத்தில் பத்து நிமிடம் செய்ய வேண்டிய வேலையைச் செய்யாமல் விட்டதுதான்.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-வது பிரிவு, சோதனை முதல் சாட்சி கையெழுத்து வரை வீடியோ எடுத்து, தாமதமில்லாமல் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பச் சொல்கிறது. செல்போனே போதும். முதல் நாள் ரிமாண்டுக்குக் கொண்டுவரும்போதே, மூட்டையைத் திறக்கும் வீடியோ எங்கே என்று மாஜிஸ்திரேட்டுகள் கேட்க வேண்டும். எங்களைப் போன்ற சாட்சிகளையும் மூட்டை பிரியும் முன்பே கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்