பீலித் தண்ணீரைத் திரும்பப் பெற்றுத் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
மாதர் சங்கத்தினரும் தோட்ட மக்களும்,
மேற்பிரிவு லயங்கள்.

பெறுநர்:
பிரதேச செயலாளர் அவர்கள்.

விடயம்: காட்டோர சுற்றுலா விடுதியால் மறிக்கப்பட்ட ஊற்றும் காட்டுப்பாதையும் – மீண்டும் முறையிடுதல்

மதிப்பிற்குரிய ஐயா,

இதே விடயமாக உங்கள் அலுவலகத்தில் ஏற்கெனவே மனுக் கொடுத்திருக்கிறோம். முத்திரை குத்தித் தந்த பிரதிகள் பத்திரமாக இருக்கின்றன. பதில்தான் வரவில்லை. வேலைப்பளுவில் கோப்பு அடியில் போயிருக்கும் என்று எண்ணி, பணிவோடு மறுபடியும் எழுதுகிறோம்.

இடத்தை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. சிவனொளிபாத மலைக்காட்டின் ஓரம், தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில்தான் எங்கள் வரிசை வீடுகளான லயங்கள். சிரமதானத்துக்கு வந்த அன்று, ஓடைநீர் வந்து விழும் எங்கள் பீலியில்தான் கை, முகம் கழுவினீர்கள். "ஐஸ் மாதிரி இருக்கே" என்றும் சொன்னீர்கள். அந்தப் பீலி இன்று சொட்டுகிறது.

1. ஊற்று காட்டுக்குள் இருக்கிறது. அங்கிருந்து ஓடையாக இறங்கி, கல் தொட்டியில் தங்கி, பீலியாக விழுந்தது. எங்கள் பாட்டி காலத்திலிருந்து குடிக்க, சமைக்க, குளிக்க, பிள்ளைமடுவத்துக்கு (குழந்தைகள் காப்பகத்துக்கு) எல்லாம் அதுதான். விடுதிக்காரர் ஓடையின் தலைப்பில் அணை போல் கல் அடுக்கிக் கறுப்புக் குழாய் போட்டுத் தண்ணீரை முழுதாக எடுக்கிறார். அது அறைகளுக்கும் போகிறது, "இயற்கை நீச்சல் குளம்" என்று பலகை போட்ட குளத்துக்கும் போகிறது. மிச்சம் கசிவதுதான் எங்களுக்கு. ஒரு குடம் நிரம்புவதற்குள் வரிசையில் சண்டை வந்துவிடுகிறது. விடியுமுன் எழுந்தும் தண்ணீர் கிடைக்காத பெண், பள்ளத்து ஆற்றுக்கு இறங்கி, குடத்தோடு ஏறி வந்து, அடுப்பு மூட்டி, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் பிரட்டுக்கு (காலைப் பேர் பதிவுக்கு) ஓடினால் நேரம் தப்பிவிடும். அன்றைக்கு அரைப்பேர், அரைநாள் கணக்குதான். தண்ணீருக்காகப் பேர் போகிறது, பேர் போனால் சம்பளம் போகிறது. கர்ப்பிணிப் பெண்களும் இறங்கி ஏறுகிறார்கள். மழை நாளில் அந்தச் சரிவு எப்படி வழுக்கும் என்று கிராம சேவகர் (ஜீ.எஸ்.) ஐயாவைக் கேளுங்கள், அவரும் ஒருமுறை விழுந்திருக்கிறார்.

விடுதிக்காரர் கூடாரம் அடிக்கும் இடத்தின் மலசலகூடக் குழியும் ஓடைக்கு மேலேதான் இருக்கிறது. வருகிற கொஞ்சத் தண்ணீரையும் குடிக்கப் பயம். சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்துப் போனார். அறிக்கை எங்கே என்று எங்களுக்குத் தெரியாது.

இந்தக் காட்டை 1940 இல் சரணாலயமாக்கினார்கள். 2010 இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்தது. களனி, களு, வளவை என்று கங்கைகள் பிறக்கிற மலை இது. கொழும்புக்குக் குடிநீர் களனி கங்கையிலிருந்து அம்பத்தலையில் எடுக்கிறார்கள். கொழும்பு வரைக்கும் போகிற தண்ணீர், காட்டுக்குக் கீழேயே இருக்கிற லயத்துக்கு வராது என்றால் எப்படி ஐயா?

2. பீலியில் தண்ணீர் இல்லாததால் பெண்கள் பாதைக்குக் கீழே ஓடையில் குளிக்கிறோம். அதற்கு நேர் மேலே விடுதிக்காரர் பலகை மேடை கட்டி, "காட்சி முனை" என்று பெயர் வைத்திருக்கிறார். குறுக்குக்கட்டோடு நிற்கும் பெண்களைப் படம் எடுக்கிறார்கள். கையைக் காட்டி வேண்டாம் என்றால், எங்களுக்குக் கையசைத்துச் சிரிக்கிறார்கள். வருகிறவர்களுக்குப் பாஷை புரியாது, அவர்களை நோக மாட்டோம். மேடை கட்டியவருக்குப் பாஷை நன்றாகப் புரியும்.

3. விறகு. காட்டோரம் விழுந்த கொப்பைப் பொறுக்கினால் எங்கள் ஆட்களைப் பிடிக்கிறார்கள். விடுதியில் இரவிரவாகத் தீ மூட்டிப் பாட்டு நடக்கிறது. அந்த விறகு எங்கிருந்து வந்ததென்று யாரும் கேட்பதில்லை.

4. மாரியம்மன் திருவிழாவுக்குக் கரகம் பாலிப்பது, அதாவது நீர் நிறைத்துப் பூசை செய்து எடுப்பது, ஓடை மூலையில், பெரிய நாகமரத்தடியில். இப்போது அந்த இடம் கம்பி வேலிக்குள். "தனியார் இடம்" என்று சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கிறது, தமிழில் இல்லை. போன திருவிழாவில் அனுமதி கேட்டு வாசலில் நின்றோம். பூசாரி நிற்க, கரகம் நிற்க, காவலாளி போன் எடுத்து மேலிடத்தைக் கேட்கிறார்! கடைசியில் பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் பாலித்தோம்.

அதே விடுதியிலிருந்து ஆள் வந்து, காமன் எரிந்த கதையை ஆடும் காமன் கூத்தை விருந்தினருக்கு ஒரு மணித்தியாலத்தில் ஆடிக் காட்ட முடியுமா என்று கேட்டார்கள். மாசியில் காமன் ஊன்றி, விரதம் இருந்து, இரவிரவாக ஆடி, எரித்து, அழுது முடிக்கிற கூத்து அது. சாப்பாட்டு மேசைக்கு முன்னால் காமனை எரிக்கச் சொல்கிறார்கள். காசு தருவார்களாம். தப்படிக்கிற எங்கள் பையன்கள் இரண்டு பேர் போகவும் செய்தார்கள், வீட்டில் கஷ்டம், அவர்களைக் குறை சொல்லவில்லை.

இந்நாட்டு ஆதிவாசிகளான தம்பானை வேடர்களின் கதை நாடறியும். 1983 இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா வந்தபோது, வேட்டைக்கும் தேனுக்கும் போன காடு அவர்களுக்குத் தடைப்பட்ட இடமாயிற்று. இன்று வில்லும் கோடரியுமாக அவர்கள் நிற்பதைப் படமெடுக்க வாகனம் வாகனமாகப் போகிறார்கள். காட்டை எடுத்துக்கொண்டு ஆளைக் காட்சிக்கு வைப்பது எந்த ஊர் நியாயம்? நாங்கள் ஆதிவாசிகள் என்று சொல்ல வரவில்லை. 1823 இல் தொடங்கிய கோப்பிக் காலத்திலும் பிறகும் வந்தவர்களின் பிள்ளைகள். காட்டை வெட்டியது வெள்ளைக்காரத் துரைமாரின் கணக்கு, கத்தி பிடித்த கை எங்கள் பாட்டன்மாருடையது. மறுக்கவில்லை. ஆனால் மிஞ்சிய காட்டுக்குக் கும்பிட்டுத்தான் இத்தனை தலைமுறை தண்ணீர் எடுத்தோம்.

5. விடுதியை மூடச் சொல்லவில்லை ஐயா. எங்கள் பிள்ளைகள் அங்கே அறை கூட்டுகிறார்கள், சமையலுக்கு நிற்கிறார்கள். தண்ணீரை விடச் சொல்கிறோம். நாங்கள் என்ன, நீச்சல் குளமா கேட்டோம்?

6. சரிவை வெட்டி வாகனத் தரிப்பிடம் போட்டிருக்கிறார்கள், அதற்கு நேர் கீழே எங்கள் இரண்டு லயங்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் புதைந்தது உங்களுக்குத் தெரியும். அங்கும் முன்கூட்டியே எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள்.

7. தண்ணீர். வேறொன்றையும் இன்றைக்கே தீர்க்க முடியாவிட்டால் பரவாயில்லை, தண்ணீரை மட்டுமாவது தீர்த்துத் தாருங்கள். ஓடையிலிருந்து முதல் பங்கு பீலிக்கு வர வேண்டும், மிச்சம் விடுதிக்குப் போகட்டும். அதுவரை பவுசரில் தண்ணீர் அனுப்புங்கள். மலசலகூடக் குழியை ஓடையைவிட்டு அகற்றச் சொல்லுங்கள். கரகம் பாலிக்கிற இடத்துக்குப் பாதை விடச் சொல்லுங்கள்.

ஓடைநீரை எடுக்க இந்த விடுதிக்கு யார் அனுமதி கொடுத்தது, சரிவை வெட்டத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை பெறப்பட்டதா என்பதை 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் தனியாகக் கேட்டிருக்கிறோம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. பதிலைத் தமிழில் தரும்படி கேட்டுக்கொள்கிறோம்.

தயவுசெய்து ஒருமுறை நேரில் வந்து பாருங்கள். வெயில் ஏறிய பிறகு வந்து, விடுதியில் தேநீர் குடித்துவிட்டுப் போகிற பரிசோதனையாக அது இருக்க வேண்டாம். விடியற்காலை ஐந்து மணிக்குப் பீலிக்கரைக்கு வாருங்கள். வரிசையில் நாங்கள் இருப்போம்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
மாதர் சங்கத்தினரும் தோட்ட மக்களும்

இணைப்பு: கையொப்பத் தாள்கள், முன்னைய மனுக்களின் முத்திரையிட்ட பிரதிகள், குழாயும் குழியும் தெரியும் படங்கள்.