இரண்டு வேலை சுமக்கும் ஆள் யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்கக் கால்பந்துச் செய்திகளில் ‘தடுப்பைத் தகர்த்து முன்னேறினார்’ என்ற வரி அடிக்கடி வருகிறது. மோதல் உண்மைதான். ஆனாலும் அதைப் படிப்பவருக்கு ஆட்டத்தின் பாதி தெரியாமலே போகிறது. எந்தத் தடுப்பு வியூகத்திலும் இரண்டு பொறுப்புகளை ஒருசேரச் சுமக்கிற ஒருவர் இருப்பார். அவர் எந்த வேலையைத் தேர்ந்தாலும் மற்றது கெட வேண்டும்; தாக்கும் அணியின் திட்டமெல்லாம் அந்த ஒருவரைக் குறிவைத்துத்தான்.

கிரிக்கெட்டில் பந்தை எதிர்கொள்ளும் முன் மட்டையாளர் ஃபீல்டர்களை ஒரு சுற்றுப் பார்ப்பதைப் போல, ஸ்னாப்புக்கு (பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குவதற்கு) முன், பந்தை எறியும் குவார்ட்டர்பேக், எதிரணியின் பின்பகுதியில், அதாவது ஆழத்தில், நிற்கும் சேஃப்டிகள் என்ற காவலர்களை எண்ணுகிறார். நடுவில் ஒருவர் என்றால் பெரும்பாலும் கவர் 1 அல்லது கவர் 3 (அந்த எண், ஆழத்தைக் காப்பவர்களின் எண்ணிக்கை). இருவர் பிரிந்து நின்றால் கவர் 2 அல்லது கவர் 4. ஒருவருமே இல்லையென்றால் பிளிட்ஸ் (வழக்கத்தைவிட அதிகம் பேர் குவார்ட்டர்பேக்மேல் பாய்வது) வருகிறது என்று கொள்ளலாம். பிறகு, பந்தைப் பிடிக்கும் ரிசீவர்களில் ஒருவரைக் குறுக்கே நகர்த்துவார்கள். ஒரே தடுப்பாளர் கூடவே ஓடினால் ஆளுக்கு ஆள் காவல். எல்லோரும் ஓரிரு அடி மட்டும் நகர்ந்தால் ஜோன், அதாவது ஆளுக்கொரு பகுதியைக் காப்பது.

கவர் 2-ஐ எடுத்துக்கொள்வோம். நால்வர் குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்வார்கள். ஐவர் குறுகிய பகுதிகளையும் இரு சேஃப்டிகள் ஆழத்தையும் காப்பார்கள். மைதானத்தின் அகலம் 53 யார்டுக்குச் சற்று மேல். ஆக ஆழத்தில் ஆளுக்கு ஏறக்குறைய 27 யார்டு. இதற்குப் பழைய மருந்து ‘ஸ்மாஷ்’. வெளி ரிசீவர் 5, 6 யார்டு ஓடித் திரும்பி நிற்பார். உள் ரிசீவர் 12 யார்டு நேராகப் போய், பக்கக்கோட்டுப் பக்கம் மூலையை நோக்கி வளைவார். நடுவே மாட்டிக்கொள்பவர் அந்த ஓரத்தைக் காக்கும் கார்னர்பேக். அவர் முன்னால் வந்தால் பந்து தலைக்கு மேலே போகும், பின்வாங்கினால் முன்னால் நிற்பவருக்குப் போகும். இது கெடுவது பெரும்பாலும் இரண்டு காரணங்களால். வெளி ரிசீவர் 8, 9 யார்டு வரை போய்விட்டால் இருவருக்கும் இடையிலான தூரம் சுருங்கி, ஒரே ஆள் இரண்டையும் காத்துவிடுவார். குவார்ட்டர்பேக் ஒரு கணம் தயங்கினாலோ, பந்தை அளவுக்கு மீறி மிதக்கவிட்டாலோ, சேஃப்டி ஓடி வந்துவிடுவார். பயிற்சியாளர்கள் டோனி டங்கியும் மான்ட்டி கிஃபினும் டம்பா பே அணியில் புகழ்பெறச் செய்த கவர் 2 வடிவத்தில், முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் நடு லைன்பேக்கர் ஆழத்துக்கு ஓடுவார். அப்போது அவர் விட்டுச்சென்ற நடுப்பகுதியே இலக்கு.

கவர் 3-இல் ஆழத்தில் மூவர். நான்கு ரிசீவர்களை நேராக ஓடவிட்டால் கணக்கு உதைக்கும். வெளியே ஓடும் இருவரைக் கார்னர்பேக்குகள் பிடித்துக்கொள்வார்கள். உள்ளே ஓடும் இருவருக்கும் நடு சேஃப்டி ஒருவரே. குவார்ட்டர்பேக் அவரைக் கண்ணாலேயே ஒரு பக்கம் இழுத்துவிட்டு மறுபக்கம் எறிவார். உள் ரிசீவர்கள் மைதானத்தின் நடுவை நோக்கிச் சரிந்துவிட்டால் வீண்.

கவர் 4-இல் ஆழத்தில் நால்வர் நிற்பதால் குறுகிய பாஸ்களும் (எறிதல்களும்), பந்தை ஏந்தி ஓடும் ஓட்டமுமே லாபம். உள் ரிசீவரை 12 யார்டில் குறுக்கே வெட்டவிட்டு, அவர்மேல் பாயும் சேஃப்டிக்குப் பின்னால் வெளி ரிசீவரை அனுப்புவதும் உண்டு. ஆனால் அதற்கு நேரம் பிடிக்கும். தன் அணியினர் ஏழு பேர் நின்று காக்காவிட்டால் குவார்ட்டர்பேக் அடிபட்டுவிடுவார்.

ஆளுக்கு ஆள் காவலுக்கு எதிராக இரு ரிசீவர்கள் தோளோடு தோள் உரசும் நெருக்கத்தில் எதிரெதிரே கடப்பார்கள், பின்தொடர்பவர்கள் சிக்கிக்கொள்வார்கள். பாஸுக்கு முன், ஆட்டம் தொடங்கிய கோட்டிலிருந்து 1 யார்டுக்கு அப்பால் தடுப்பாளரை வேண்டுமென்றே மறித்தால் என்எஃப்எல் (அமெரிக்கத் தொழில்முறை லீக்) விதிப்படி 10 யார்டு தண்டனை. எதிரணி ஜோனில் இருப்பது தெரிந்தால் ரிசீவர் தொடர்ந்து ஓடக் கூடாது, இடைவெளியில் நின்றுவிட வேண்டும். இளம் வீரர்கள் கோட்டைவிடும் இடம் இது.

பிளிட்ஸில் ஆறு பேர் பாய, தாக்கும் அணியில் ஐவர் மட்டும் குவார்ட்டர்பேக்கைக் காத்தால் ஒருவர் தடையின்றி வருவது நிச்சயம். உள்பக்கத்தை முதலில் அடைத்து, கடைசியில் வெளியே நிற்பவரை விட்டுவிடுகிறார்கள். அவர் வர வேண்டிய தூரமே அதிகம்; அதற்குள் பந்து கையைவிட்டுப் போயாக வேண்டும். 1985-இல் சிகாகோ பேர்ஸின் ‘46’ தடுப்பு, எட்டுப் பேரைக் கோட்டருகே குவித்து எதிரணிகளை நசுக்கியது. அந்தப் பருவத்தில் அவர்களை வீழ்த்திய ஒரே அணி மயாமி டால்பின்ஸ், 38-24. மூன்று ரிசீவர்களைப் பரப்பி, நேட் மூரை உள்பக்கம் நிறுத்தினார்கள். நெருங்கி மோதுவதற்காக நின்றவர்கள் அவரை ஓடித் துரத்த வேண்டியதாயிற்று. மயாமியின் குவார்ட்டர்பேக் டான் மரீனோ அதைப் பயன்படுத்திக்கொண்டார்.

இன்றைய தடுப்பணிகள் இதையெல்லாம் அறிந்தே வேஷம் போடுகின்றன. இரு சேஃப்டிகளை ஆழத்தில் காட்டி, ஸ்னாப் ஆனதும் ஒருவரைக் கீழே இறக்கிவிடுவார்கள். ஆகவே ஸ்னாப்புக்கு முன் போட்ட கணக்கைச் சேஃப்டியின் முதல் இரண்டு அடிகளைப் பார்த்துச் சரிபார்க்க வேண்டும். ஓட்டம்போல் பாவனை காட்டும் ஆட்டத்தில் குவார்ட்டர்பேக் எதிரணிக்கு முதுகைக் காட்டித் திரும்புவதால், சரியாக அந்த இரண்டு அடிகள் அவர் கண்ணில் படாமல் போகும். இடைமறிப்புகள் பல இப்படித்தான் பிறக்கின்றன. செய்தியில் மட்டும் ‘தவறான பாஸ்’ என்று வந்துவிடுகிறது.

அடுத்த சூப்பர் பவுல் இறுதிப்போட்டிச் செய்தியோடு, திருப்புமுனையான ஓர் ஆட்டத்துக்காவது சேஃப்டிகள் நின்ற இடத்தைக் காட்டும் சிறு வரைபடம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர்